வீடு பொளிச்ச ஓடும் மரமும்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம் பக்கம் பழைய வீடு பொளித்த, அதாவது இடித்த, சாமான் விற்கும் கடைகளுக்கு மூன்று சரக்கைத் தேடித்தான் போவார்கள்: மங்களூர் ஓடு, கழுக்கோல் (கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்), கதவு. பழைய ஓட்டு வீட்டோடு அடுக்களையும் பாத்ரூமும் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு ஓடுதான் லாபம். கழுக்கோலைப் பார்த்து எடுக்கலாம். கதவு ஆசைக்கு மட்டும்.

100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். உடைசலுக்கும் சேர்த்து 155 எடுங்கள். முதலில் முத்திரையைப் பாருங்கள். ஒரே கம்பெனி ஓடு என்றால்தான் காடி (ஓட்டின் ஓரத்துப் பள்ளம்) ஒன்றோடொன்று பொருந்தும். கலந்து வாங்கினால் வரிசை கோணி, அந்த இடுக்கு வழியாக ஐப்பசி மழை உள்ளே வரும். உங்கள் கூரையிலிருந்து ஓர் ஓட்டை இறக்கிக் கையோடு கொண்டு போய் ஒப்பிடுவதே நல்லது. சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்திருந்தால் உள்ளே கீறல். சந்தேகமென்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு எடை பாருங்கள். காய்ந்தபோது இரண்டரைக் கிலோ இருந்த ஓடு மூன்று கிலோவைத் தாண்டினால் அது சரியாக வேகாத ஓடு. பாசி ஒரு குறையே இல்லை, கம்பி பிரஷ் போதும், ஆசிட் வேண்டாம். 1865-இல் மங்களூரில் தொடங்கிய பாசல் மிஷன் ஆலையின் முத்திரை என்று சொல்லி விலையை ஏற்றினால் கொடுக்காதீர்கள். மழைக்கு முத்திரை தெரியாது.

கழுக்கோலில் அயினியும் தேக்கும் நம்பலாம். கறையான் வைரத்தை (உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை) எளிதில் தொடாது, ஓரத்து வெள்ளையைத்தான் தின்னும். குத்தூசி கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் துண்டை விடுங்கள். இறவாரத்தில் நனைந்து கிடந்த நுனி ஓரடி, ஒன்றரை அடி உளுத்திருக்கும். அதை வெட்டித் தள்ளிய பிறகே கன அடி அளக்கச் சொல்லுங்கள். இங்கேதான் பணம் போகும். வளை (கழுக்கோல்களைக் குறுக்கே இணைக்கும் மரம்) கோத்த பழைய துளை, அளவுக்கு வெட்டும்போது நடுவில் வந்துவிடக் கூடாது. பாரம் அதிகம் வளைப்பது நடுவில்தான், அங்கேயே முறியும். மில்லுக்கு அனுப்புமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி வாளின் பல்லை உடைத்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கதவு பலவும் ஐந்தரை அடி உயரத்துக்குள்தான் இருக்கும். நிலையை உயர்த்த ஆசாரிக்குக் கொடுக்கும் கூலியில் புதுக் கதவே வந்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நல்ல ஓடு போட்டும் ஒழுகுகிறது என்றால், பழைய கூரையும் புதுக் கூரையும் சந்திக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே அலுமினியத் தகடு இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் குறைந்தது ஆறு அங்குலம் போக வேண்டும். புதுச் சுவரைப் பழைய வெட்டுகல் (செம்பாறைக் கல்) சுவரோடு பிணைக்கவும் கூடாது. புது அஸ்திவாரம் அமுங்கும்போது பழையதையும் இழுத்துக் கீறிவிடும். ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். பழைய சுவரில் ஒட்டுப்போட சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் பொரிந்து உதிரும்.