ஒரு எட்டு வீட்டுக்குப் போய் வரலாமா? பாதிப் பயணத்தில் வரும் கேள்வி

ஆறாவது, ஏழாவது மாத வாக்கில் அந்த எண்ணம் வரும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று திட்டம் போட்டு வெளிநாட்டுப் பயணம் கிளம்பியவருக்கு முதல் இரண்டு மாதம் வீட்டு நினைப்பே இருக்காது. அப்புறம் ஒரு நாள், பேருந்து நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அடுத்த ஊரைப் பார்க்கும் ஆசை துளியும் மிச்சமில்லை என்று தெரியவரும். கை தானாகக் கைப்பேசியில் வீட்டுக்கான விமானக் கட்டணத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

பயணத்தை முடித்துக்கொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் போட்டியாக நிற்கும் வழிகள் மூன்று. எங்கும் போகாமல் ஏதாவது ஓர் ஊரில் ஒரு மாதம் படுத்துவிடுவது. வீட்டாரை நடுவழியில் ஓர் ஊருக்கு வரவழைப்பது. அல்லது கிளம்பும் முன்பே பயணத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டி வைத்துக்கொள்வது. நான் வீட்டுக்கு வந்து போனது இரண்டு முறை. ஒரு முறை தவறாக, ஒரு முறை சரியாக. தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த முறை காரணம் வெறும் அலுப்பு. கையில் இருந்தது 12 நாள். நான் இருந்த இடத்துக்கும் வீட்டுக்கும் 9 மணி நேர வித்தியாசம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு ஏறக்குறைய ஒரு நாள் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. என் விஷயத்தில் கணக்கு பிசகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குவது நின்று, சாப்பாட்டு நேரத்துக்குப் பசி எடுக்கத் தொடங்கியது பத்தாம் நாள். பன்னிரண்டாம் நாள் விமானம். போய் இறங்கிய இடத்தில் மறுபடி அதே கூத்து. ஓய்வெடுக்கப் போனவன் கிட்டத்தட்ட மூன்று வாரத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு நின்றேன். விமானச் செலவில், இருந்த ஊரிலேயே ஒரு மாதம் அறை எடுத்துத் தூங்கியிருக்கலாம்.

மனித உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. அதனால் மேற்கே பறந்து நாள் நீண்டால் சமாளித்துக்கொள்ளும்; கிழக்கே பறந்து நாள் சுருங்கினால் முரண்டு பிடிக்கும். போய் வருவது என்றால் இரண்டில் ஒன்று எப்படியும் கிழக்குப் பக்கம்தான், தப்பிக்க வழியில்லை. வடக்கு தெற்காகப் பயணம் செய்கிறவருக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. 10 மணி நேரம் பறந்தாலும் கடிகாரத்தை ஓரிரு மணி நேரம் திருப்பினால் போதும். ஆகவே வீடு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட எத்தனை மணி வித்தியாசம் என்று பாருங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால், 3 வாரத்துக்குக் குறைவாகப் போவது எனக்கு வீண் என்றே படுகிறது.

ஊரிலேயே தங்கிவிடும் வழியை முதலில் முயன்று பார்க்கச் சொல்வது இதனால்தான். பயண அலுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தினமும் முடிவெடுத்து அலுத்துப்போவது. எங்கே தூங்குவது, எதில் போவது, இந்த ஆளை நம்பலாமா என்று ஒரு நாளைக்கு நூறு சின்ன முடிவுகள். ஒரே ஊரில் ஒரே அறையில் ஒரு மாதம் இருந்தால் இதில் தொண்ணூறு மறைந்துவிடும். மூன்றாம் வாரத்தில் கடைக்காரர் நம்மைப் பார்த்துத் தலையாட்டுவார். துணி துவைத்து, புத்தகம் படித்து, ஒன்றும் பார்க்காமல் கிடக்கலாம். ஒரு மாதம் இப்படி இருந்தும் வீட்டு ஏக்கம் குறையவில்லை என்றால், அது அலுப்பு இல்லை. யாரோ ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது மற்ற வழிகளை எடுத்துப் பார்க்கலாம்.

சரி, வீட்டுக்குத்தான் போவது என்று முடிவானால், டிக்கெட்டிலும் காகிதங்களிலும்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

உலகச் சுற்று டிக்கெட்டில் கிளம்பியவருக்கு நடுவில் வீடு என்பது சுற்றுக்குள் அடங்காது. உதாரணமாக ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி விற்கும் உலகச் சுற்று டிக்கெட்டில் ஒரே திசையில்தான் நகர வேண்டும். அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் கடக்க வேண்டும். புறப்பட்ட நாட்டில்தான் முடிக்க வேண்டும். இதெல்லாம் அதிகபட்சம் 1 வருடத்துக்குள். எனவே நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக ஒரு போக வர டிக்கெட் எடுத்து, அதே ஊருக்குத் திரும்பி, சுற்றைத் தொடர வேண்டும். 'இடையில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்கிறேன்' என்று எண்ண வேண்டாம். ஒரு கட்டத்துக்கு வராமல் போனால் மீதிக் கட்டங்களை ரத்து செய்துவிடுவதுதான் விமான நிறுவனங்களின் வழக்கமான விதி. தனித்தனி டிக்கெட்டாக எடுத்துப் போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை; அவருக்கு வேறு ஆபத்து. வீட்டுக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டு 'திரும்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பார். பல பயணங்கள் முடிந்துபோனது அந்தப் 'பிறகு'வில்தான்.

விசாவில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒற்றை நுழைவு விசாவில் உள்ளே போனவர் வெளியே வந்தால், மிச்ச நாள் எத்தனை இருந்தாலும் அது தீர்ந்தது. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் குறுகிய கால வருகைக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். வீட்டுக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, தொடங்காது. வீட்டில் இருந்த நாள்கள் கணக்கில் சேராது என்பது மட்டும்தான் லாபம். 90ஐயும் ஒரே மூச்சில் செலவழித்தவர் அடுத்த 90 நாள் வெளியே இருக்க வேண்டும், அவர் வீட்டில் இருந்தாலும் சரி, வேறெங்கு இருந்தாலும் சரி. இன்னொரு பக்கம், பல தூதரகங்கள் அவரவர் சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோ விண்ணப்பித்தால்தான் விசா தரும். அப்படி ஒரு நாடு பயணத்தின் பின்பாதியில் இருந்தால், வீட்டுக்கு வந்து போக அதைவிட உருப்படியான காரணம் வேண்டாம். கடவுச்சீட்டில் பக்கம் தீர்ந்துபோவது, காலாவதிக்கு 6 மாதத்துக்குக் குறைவாக இருப்பது, இவையும் அந்த வகை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாம் தவணை ஆறாவது மாதத்தில் விழுகிறதே என்று சிலர் அதையும் காரணமாகச் சேர்ப்பார்கள். அதை எந்த நகரத்திலும் போட்டுக்கொள்ளலாம், ஊசிக்காகக் கடல் கடக்க வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றி ஒரே வரி: வீட்டு வாசலை மிதித்ததும் முடிந்துபோகும் பயணக் காப்பீடுகள் பல உண்டு, நடுவில் வந்து போக அனுமதிப்பவையும் உண்டு, டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஒரு விதியை மட்டுமாவது படியுங்கள்.

காகிதத்துக்காக வீட்டுக்கு வந்தவர்கள் கதை பழையது. வெனிஸைச் சேர்ந்த நிக்கோலோ, மஃபியோ போலோ சகோதரர்கள் 1269இல் ஊர் திரும்பியது மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் போப்பாண்டவருக்குக் கொடுத்தனுப்பிய கடிதத்தோடு. கொடுத்து, பதில் வாங்கி, திரும்பிப் போக வேண்டியது. ஆனால் போப் நான்காம் கிளமெண்ட் 1268இலேயே இறந்துவிட்டிருந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஏறக்குறைய மூன்று வருடம் இழுத்தது. காத்துக் காத்து அலுத்துப்போன சகோதரர்கள் 1271இல் பதிலில்லாமலேயே கிளம்பிவிட்டார்கள். பத்தாம் கிரகரி தேர்வானது அதன் பிறகு. அவர் அவர்களை வழியிலிருந்து திருப்பி அழைத்துப் பதில் கொடுத்தனுப்பினார். அலுவலக வாசலில் காத்திருந்த எவருக்கும் இது புரியும். அந்த இடைவேளையில் நிக்கோலோவுக்கு வீட்டில் காத்திருந்தது இரண்டு செய்தி. மனைவி இறந்துபோயிருந்தார். 15 வயதில் ஒரு மகன் நின்றான். அவன்தான் பிற்பாடு பெயர்பெற்ற பயணி மார்க்கோ போலோ. அடுத்த முறை கிளம்பும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருட இடைவேளை நீளம்தான், ஆனால் வராமலே இருந்திருந்தால் அந்தப் பையன் வெனிஸிலேயே இருந்திருப்பான்.

வராமலே இருந்தவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1325இல், 21 வயதில் டான்ஜியரை விட்டவர் 24 வருடம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1348இல் டமாஸ்கஸில் தன் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தபோதுதான் அப்பா இறந்து 15 வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. அம்மா இருக்கிறார் என்று கேட்டு ஊரை நோக்கி வந்தார். கிட்டத்தில், தாசா என்ற ஊரை அடைந்தபோது, கொள்ளைநோயில் அம்மாவும் போய்விட்ட சேதி எதிரே வந்தது. இன்று நமக்குச் சேதி நொடியில் வந்துவிடும். வந்த சேதிக்கு நாம் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்ற கணக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. வயதான பெற்றோர் உள்ளவர்கள் இந்த ஒப்பீட்டை வேறு தராசில் போட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவழிச் சந்திப்புக்கு வருகிறேன். டென்மார்க்கின் தோர் பெடர்சன் 2013 அக்டோபரில் கிளம்பி, விமானமே ஏறாமல் உலகின் எல்லா நாடுகளுக்கும் போய், 2023 ஜூலையில்தான் வீடு திரும்பினார். முடியும் வரை வீட்டுக்கு வருவதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. கோவிட் காலத்தில் ஹாங்காங்கில் ஏறக்குறைய இரண்டு வருடம் முடங்கிக் கிடந்தபோதும் அதை மீறவில்லை. விதி அவருக்குத்தானே; அவருடைய துணைவி பல முறை பறந்து போய் அவரை அங்கங்கே பார்த்துவந்தார். பத்து வருடம் தாக்குப்பிடித்ததில் அந்தச் சந்திப்புகளுக்கும் பங்கிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வழியில் பயணம் அறுபடாது, விசா வீணாகாது, தூக்கக் கணக்கும் வருகிறவர் தலையில். அதுதான் இதன் குறையும். வருகிறவர் பத்து நாள் விடுப்பில் வருவார். அவருக்கு அது விடுமுறை, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நமக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதை கேட்க வேண்டும். என் வீட்டார் வந்தபோது நான்காம் நாள் இதில்தான் முட்டிக்கொண்டோம். மேலும், வரக்கூடியவர்தான் வருவார். படுக்கையில் இருக்கும் பாட்டியும், பரீட்சைக்குப் படிக்கும் தங்கையும் வர மாட்டார்கள். துணையை மட்டும் பார்க்கத் துடிப்பவருக்கு இதுவே முதல் தேர்வு. மொத்த வீட்டையும் தேடுகிறவருக்கு இது பாதி மருந்து.

துண்டாக வெட்டி வைப்பதில் கடலோடிகள் கெட்டிக்காரர்கள். தெற்குப் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்; அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பாய்மரப் படகில் உலகம் சுற்றுவோர் பலர் அந்த மாதங்களில் படகைப் புயல் அவ்வளவாக எட்டாத இடத்தில், தெற்குப் பசிபிக் என்றால் நியூசிலாந்து போல, கரையேற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் பறந்துவிடுவார்கள். போகலாமா வேண்டாமா என்ற மனப் போராட்டமே அங்கு இல்லை, வானிலை முடிவெடுத்துவிடுகிறது. தரைவழியில் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ போகிறவர்களுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்தவர், அதை விட்டுவிட்டுத் தான் மட்டும் நாட்டைவிட்டுப் போக முடியாது என்று பல நாட்டுச் சுங்கத் துறைகள் சொல்லும். எங்கே விடலாம், எத்தனை நாள் விடலாம் என்பது முதலில் தெரிந்திருந்தால்தான் வீட்டு டிக்கெட்டைப் பற்றிப் பேசவே முடியும்.

நடந்தும் பேருந்திலும் போகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: கண்டம் மாறும் இடத்தில் வெட்டுங்கள். ஒரு நாட்டின் நடுவில் விட்டுப்போனால், திரும்பி வரும்போது அந்த இடம் ஆறிய சாப்பாடு மாதிரி இருக்கும். ஒரு நிலப்பகுதியை முடித்து, எப்படியும் விமானம் ஏறியே ஆக வேண்டிய இடத்திலிருந்து வீட்டுக்குப் போனால், திரும்பிவருவது புதிய நாட்டுக்கு. செலவிலும் ஒரு விமானம் மிச்சம்.

என் இரண்டாவது முறை அப்படித்தான் அமைந்தது. அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, தேதி முன்பே தெரியும். அதைச் சுற்றி வழியை வளைத்தேன். 24 நாள், திரும்பும் டிக்கெட் கையில். உபயோகமாக இருந்தேன். சொட்டு மருந்து விடுவதற்கு ஆள் வேண்டுமே.

ஒன்றை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் முறை கிளம்பும்போது வீடே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. இரண்டாம் முறை 'மறுபடியும் போகணுமா?' என்று ஒரே கேள்வி, அதற்கு என்னிடம் நல்ல பதிலும் இல்லை. நண்பர்கள் முதல் வாரம் வந்து பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலை. என் அறையில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்த 24 நாளில் கடைசி மூன்று நாள்தான் நீளமானவை. டிக்கெட் மட்டும் கையில் இல்லாவிட்டால் நான் கிளம்பியிருக்க மாட்டேன், சத்தியமாக.

கிளம்பும் முந்தைய இரவு பையைப் புதிதாக அடுக்கினேன். ஏழு மாதம் சுமந்து ஒரு முறைகூட எடுக்காதவற்றைக் கட்டிலில் வைத்துக்கொண்டே வந்தேன். முதல் முறை 14 கிலோ இருந்த பை இப்போது 9 கிலோ. மிச்ச 5 கிலோவை அப்பா, ஒரு கண்ணில் கட்டோடு, அந்த அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு மேலே என் பெயரை எழுதி வைத்தார்.