நாள்பட்ட நோய்க்கு எங்கே போவது? பலதுறை மருந்தகமா, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் டாக்டரா?

சிங்கப்பூரில் நீரிழிவோ ரத்தக்கொதிப்போ உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

அரசாங்கம் நடத்தும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, மருந்து எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். கட்டணமும் குறைவு. ஆனால் போன தடவை பார்த்த டாக்டரே இந்தத் தடவையும் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, இரவில் தூங்குவதில்லை என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் தனியார் டாக்டர் குடும்பத்தையே அறிந்தவர். அங்கே தடையாக இருந்தது காசுதான். தனியார் மருந்தகக் கட்டணத்துக்கு அரசாங்க உதவித்தொகை தரும் சாஸ் அட்டை 2012இல் வந்து அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ள 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜி இன்னும் ஒரு படி மேலே போனது. இதில் தனியார் மருந்தகங்கள் தாங்களாக விரும்பிச் சேர்கின்றன. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் விரும்பினால் பதியலாம். முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பு இலவசம். 2024இலிருந்து சாஸ் அட்டையோ, மூத்த தலைமுறையினருக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டைகளோ வைத்திருந்து இதில் பதிந்தோருக்குப் பொதுவான நாள்பட்ட நோய் மருந்துகள் பலவும் பலதுறை மருந்தக விலையை ஒட்டியே கிடைக்கின்றன.

சரி, ஒரே டாக்டர் நடத்தும் சின்ன மருந்தகத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கான கால் பரிசோதனையை யார் செய்வது? எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது. 2018இலிருந்து இப்படிப்பட்ட மருந்தகங்கள் பல ஒரே கட்டமைப்பாகச் சேர்ந்து தாதியரைப் பகிர்ந்துகொள்கின்றன. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, தாதி மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார். தொட்டது தெரியாத இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. நீரிழிவில் காலை இழப்பது பெரும்பாலும் அப்படித் தொடங்குவதுதான். தனி ஒரு டாக்டரால் சமாளிக்க முடியாத இந்த வேலை, கூட்டாகச் சேர்ந்ததால் நடக்கிறது.

மூன்றாவது வழி, அறக்கொடை மருந்தகங்கள். 1867இல் தொடங்கிய தோங் சாய் சீன மருத்துவ நிலையம் இன, மத வேறுபாடு பார்க்காமல் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. நம் ஊர்களிலிருந்து வந்து உழைக்கும் தம்பிமார்களுக்கு, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் போன்ற அறநிறுவனங்களின் தொண்டூழிய டாக்டர்கள் பெரிய துணை. அவர்களுக்குச் சாஸும் இல்லை, ஹெல்தியர் எஸ்ஜியும் இல்லை.

நோய் கட்டுக்குள் இருக்கும் பெரியவர் என்றால், திட்டத்தில் சேர்ந்த பக்கத்து மருந்தகத்தையே நான் சொல்வேன். நோய்கள் பல பின்னிக் கிடந்தால் பலதுறை மருந்தகம். பதிவதற்கு முன் மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோய், எந்தெந்த மாத்திரைக்குச் சலுகை விலை உண்டு என்று கேட்டுவிடுங்கள்.