மெமரி உச்சத்தை அளக்கும் கோப்புகள்: இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

பாம்பனில் மீன் ஏலக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். அது ஓடும் கணினியில் 2 ஜிபி ராம், டெபியன் 12 என்ற லினக்ஸ். படகுகள் கரை சேர்ந்ததும் எல்லாக் கடை பில்லையும் ஒரே புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) வரிசையாகப் போடும். ஒரு விடியலில் மெமரி தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னல் அந்தப் புராசஸைக் கொன்றுவிட்டது. "தம்பி, பில்லு வரல, வண்டி நிக்குது" என்று கடைக்கார அண்ணன் போன் போட்டார். எந்தக் கடை பில் மெமரியைத் தின்றது?

ஓடும் புராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளை உதவவில்லை. அது அடுத்து எட்டிப் பார்ப்பதற்குள் உச்சம் வந்து போய்விடுகிறது. ஒரு புராசஸ் தொட்ட மெமரி உச்சம் என்று கர்னலே குறித்து வைக்கும் எண், ப்ராக் (/proc) அடைவில் அந்தப் புராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பிலுள்ள விஎம்எச்டபிள்யூஎம் (VmHWM). ஹை வாட்டர் மார்க், அதாவது வெள்ளம் ஏறிய மட்டம். எங்கள் ஜெட்டித் தூணிலும் அப்படியொரு கோடு உண்டு, வற்றிய பிறகும் ஈரமாகத் தெரியும். சிக்கலும் அதேதான். முதல் கடை பில் 900 எம்பிக்கு ஏற்றிவிட்டால், அடுத்த கடை எவ்வளவு எடுத்தது என்று தெரியாது.

கோட்டை அழிக்க வழி இருக்கிறது. லினக்ஸ் 4.0 முதல், அதே இடத்திலுள்ள கிளியர்_ரெஃப்ஸ் (clear_refs) கோப்பில் 5 என்று எழுதினால் போதும். எழுதினேன், வேலை செய்தது. ஆனால் நாள் முழுக்க உச்சத்தைக் கண்காணிக்கும் என் இன்னொரு ஸ்கிரிப்டின் கணக்கும் சேர்ந்து அழிந்தது. கோடு ஒன்றுதான், பார்ப்பவர்கள் பலர்.

பிடிஎஃப் தயாரிக்கும் துணைப் புராசஸையும் சேர்த்து அளக்க, பல புராசஸ்களை ஒரு குழுவாக வைக்கும் சிகுரூப்புக்கு (cgroup) போனேன். லினக்ஸ் 5.19இல் வந்த மெமரி.பீக் (memory.peak) கோப்பு அந்தக் குழுவின் உச்சத்தைத் தருகிறது. கோப்புகளைப் படித்த கேஷும் அதில் சேரும், அதனால் எண் பெரிதாக இருக்கும். டெபியன் 12இல் அதை அழிக்கவே முடியாது. கடைக்கு ஒரு சிகுரூப் உருவாக்கிச் சமாளித்தேன்.

டெபியன் 13க்கு மாறியதும் கர்னல் 6.12. இப்போது மெமரி.பீக்கில் எதையாவது எழுதினால் அழிகிறது. முதல் நாள் எக்கோ (echo) கட்டளையால் எழுதி, கேட் (cat) கட்டளையால் படித்தேன். பழைய எண்ணே வந்தது! அரை நாள் கழித்துத்தான் விளங்கியது: திறந்து வைத்த அதே ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (கோப்பைத் திறக்கும்போது நிரலுக்குக் கிடைக்கும் எண்) மட்டுமே அந்த அழிப்பு. எழுதி மூடிவிட்டால் அதோடு போயிற்று. நிரலுக்குள் திறந்தே வைத்து, ஒவ்வொரு பில்லுக்கு முன்பும் எழுதி, பின்பு படிக்கிறேன். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் தன் உச்சத்தைத் தனியாகப் பார்க்கிறது. ஒருவர் அளப்பது மற்றவரைக் கெடுக்காத இந்த அமைப்புதான் சரியானது.

குற்றவாளி அகப்பட்டது: ஒரு கடையின் பழைய பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றும் என் தரவுத்தள வினவல். இன்னும் ஒன்று வேண்டும். உச்சம் எத்தனை மணிக்கு வந்தது என்று அந்தக் கோப்பு சொல்வதில்லை.