சாயமா, திரவப் படிகமா?

உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பாலான மென்சவ்வுகள் இணைவதைப் பார்க்க ஒளிர்சாயம்தான் வழக்கம். எந்தக் கொழுப்பு எங்கே கலந்தது என்று துல்லியமாகக் காட்டும். ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிடும். அதற்கான நுணுக்குக்காட்டி நம் தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டாத விலை.

திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் திரவப் படிகத்துக்குச் சாயமே வேண்டாம். பழைய கல்குலேட்டர் திரையில் உரித்த முனைவாக்கித் தாள்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவே நீருக்கடியில் 5சீபி என்ற திரவப் படிகத்தின் படலம். கொழுப்புக் குமிழிகள் அதன்மேல் ஒட்டி விரிந்ததும் படிக மூலக்கூறுகள் நிமிரும்; மின்னிய படலம் கறுத்துவிடும். பொஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியம் (கண்ணாடி விரியன் விஷத்திலும் உண்டு) அந்தக் கொழுப்பை வெட்டினால் மறுபடி வெளிச்சம்! எந்த மூலக்கூறு என்று மட்டும் படிகம் சொல்லாது. இருந்தாலும் மாணவருக்கு நான் கொடுப்பது படிகத்தைத்தான்.

5சீபி திரவப் படிகமாக இருப்பது ஏறத்தாழ 23 முதல் 35 பாகை வரை. பேராதனையில் பெரும்பாலும் கவலையில்லை. நுவரெலியாக் குளிரில் கண்ணாடித் தட்டைச் சூடாக்கியே வைக்க வேண்டும்.