தலைப்புப் பிரசங்கமா, பகுதிப் பிரசங்கமா?

தலைப்புப் பிரசங்கத்தில் 'விசுவாசம்' போன்ற ஒரு பொருளை எடுத்து, கன்கார்டன்ஸில் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் அகராதி) தேடி நாலைந்து வசனங்களைக் கோர்க்கிறோம். பகுதிப் பிரசங்கத்திலோ, பத்துப் பதினைந்து வசனங்கள் கொண்ட ஒரே பகுதிதான் செய்தியைத் தீர்மானிக்கும்.

முன்னதில் வசனம் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்துவிடும் ஆபத்து அதிகம். பிலிப்பியர் 4:13-ஐப் பாருங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் வாக்குத்தத்தமாக்கிவிடுகிறார்கள். 11, 12-ஆம் வசனங்களையும் சேர்த்து வாசித்தால் விஷயம் வேறு: காவலில் இருந்தபடி இந்தக் கடிதத்தை எழுதும் பவுல், வாழ்விலும் தாழ்விலும் பட்டினியிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, கற்றதைச் சொல்கிறார். ஜெயிப்பதைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

பகுதிப் பிரசங்கத்துக்கும் ஒரு வியாதி உண்டு. கிரேக்கச் சொல் விளக்கத்திலேயே அரைமணி ஓடி, பிரசங்கம் வேதபாட வகுப்பாகிவிடும். பகுதியின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிய பிறகே குறிப்பெடுக்கத் தொடங்கினால் இது பெரும்பாலும் வராது.

வாராவாரம் பேசுகிறவருக்குப் பகுதியே நல்லது; சங்கடமான வசனத்தைத் தாண்டிப் போக முடியாது. ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற உபதேசங்களுக்குத் தலைப்பு வேண்டும். அப்போதும் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்பின் ஐந்து வசனங்களாவது வாசித்து, யார், யாருக்கு, ஏன் எழுதினார் என்று ஓரத்தில் குறியுங்கள். பொருந்தாததை, எவ்வளவு இனித்தாலும், அடித்துவிடுங்கள்.