தேசிய சேவைக்குப் பிறகு கணிதத்தை மீட்டுத் தந்த வகுப்பு

சிங்கப்பூரில் இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவையை முடித்து, ஆகஸ்ட்டில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேரவிருந்த எனக்குத் தொகையிடல் விதிகள்கூட மங்கிப்போயிருந்ததால், தேக்கா அருகே ஒரு துணைப்பாட நிலையம் நடத்திய எட்டு வார ஆயத்த வகுப்பில் சேர்ந்தேன்.

கணிதத்தை இயற்பியலிலிருந்து பிரிக்காமல் கற்பிப்பதே இவ்வகுப்பின் பெருஞ்சிறப்பு. சுருள்வில்லில் தொங்கும் எடைக்கு நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதி, அதுவே ஓர் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்று காட்டிய ஆசிரியர், வேகத்துக்கு நேர்விகிதமான சிறு தடைவிசையைச் சேர்த்ததும் கிடைக்கும் கலப்பெண் மூலங்களின் மெய்ப்பகுதி அலைவு எவ்வளவு விரைவில் தணியும் என்பதையும், கற்பனைப்பகுதி அதன் அதிர்வெண்ணையும் சொல்வதை வரைந்து விளக்கினார். தொடக்கக் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்திருந்த கலப்பெண்களுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. அந்த மாலையை நான் மறக்கமாட்டேன்.

பகுதி வகைக்கெழுக்களையும் நிதானமாகவே நடத்தினார்கள். பயிற்சித்தாள்கள் போதுமானவை.

ஆனால், தொடக்கக் கல்லூரியின் எச்2 (H2) கணிதப் பாடத்திட்டத்தில் அணிகள் (matrices) இல்லை என்பது தெரிந்திருந்தும், அவற்றுக்கு ஒரே ஒரு வகுப்பை ஒதுக்கியது பெருங்குறை. குவாண்டம் இயக்கவியல் முழுவதும் அணிகளிலிருந்து பெறப்படும் ஐகன் மதிப்புகளை (eigenvalues) நம்பியிருப்பதால், அணிகளுக்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் தேவை. அணிகளைக் கற்பிக்கும் மேல்நிலைக் கணிதப் பாடத்தை (Further Mathematics) எடுக்காதவர்கள் அப்பகுதியைத் தாமாகவே முன்கூட்டிப் படித்துவிட்டுச் சேர்வது நல்லது.