டிஜிகேம்: ஃபில்டர் அருமை, படத்துக்குள் தகவல் ஒழுங்காக இருந்தால்

பல வருடப் படங்கள் குவிந்து கிடக்கும் டிஸ்க்கில் "85 எம்எம், எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறந்தது, ஐஎஸ்ஓ 3200-க்கு மேல்" என்று கேட்டுப் பொறுக்க வேண்டுமா? இலவசமாகக் கிடைப்பவற்றில் டிஜிகேமைத்தான் சொல்வேன். கேடிஇ என்ற குழுவின், படங்களை அடுக்கித் தேட உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சந்தா கிடையாது. தோற்றம் பழைய பாணி, மெனுக்கள் ஏராளம். அதற்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது ஃபில்டருக்கும் சர்ச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில். வலது ஓரத்தில் இருக்கும் ஃபில்டர் பட்டை, அப்போது திறந்திருக்கும் ஆல்பத்தை மட்டும் சலிக்கும். தாய் ஃபோல்டரில் நின்றுகொண்டு டேக்கை (படத்துக்கு நாம் ஒட்டும் அடையாளச் சொல்) டிக் செய்து, "ஒன்றுமே வரவில்லையே" என்று குழம்பினால், வியூ மெனுவில் உள் ஆல்பங்களையும் சேர்த்துக் காட்டும் வசதியை ஆன் செய்து பாருங்கள். அடுத்தது நட்சத்திரம். 4 நட்சத்திரத்துக்கு நிபந்தனை "சமம்" என்று இருந்தால் 5 நட்சத்திரப் படங்கள் காணாமல் போகும். "சமம் அல்லது அதிகம்" என்று மாற்றுங்கள். டேக்குகளுக்கும் இப்படித்தான். "சென்னை", "கல்யாணம்" இரண்டையும் டிக் செய்து நிபந்தனை "அல்லது" என்று இருந்தால், சென்னையில் எடுத்த தெருநாய் படமும் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் ஃபில்டரை ரீசெட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆல்பத்தைத் திறக்கும்போது பாதிப் படங்கள் அழிந்துவிட்டன என்று நெஞ்சு படபடக்கும்.

மொத்த லைப்ரரியையும் துழாவ இடது பக்கத்து அட்வான்ஸ்டு சர்ச். கேமரா மாடல், லென்ஸ், அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஃபிளாஷ் என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. ஃபோக்கல் லெங்த்துக்கு இரண்டு கட்டம்: லென்ஸின் நிஜ அளவு ஒன்று, 35 எம்எம் ஃபுல் ஃபிரேமுக்குச் சமமான அளவு ஒன்று. 1.5 மடங்கு கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) 50 எம்எம் லென்ஸ் இரண்டாவது கட்டத்தில் 75 ஆகிவிடும். தேடலைப் பெயர் வைத்துச் சேமித்தால் அதுவே ஒரு ஆல்பம்போல இருக்கும். பிறகு சேரும் பொருத்தமான படங்களும் தானாக அதில் வரும்.

ஆனால் எக்ஸிஃபில் (எடுக்கும்போதே கேமரா படத்துக்குள் எழுதும் தகவல்) இல்லாததை எந்த மென்பொருளும் தேட முடியாது. எலக்ட்ரானிக் தொடர்பில்லாத மேனுவல் லென்ஸில் எடுத்த படத்தில் அபர்ச்சர் பெரும்பாலும் பூஜ்யமாகவோ காலியாகவோ இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக வந்தால் எக்ஸிஃப் போயிருக்கும். அனுப்புகிறவரை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். நேரம் இன்னொரு தலைவலி. சிங்கப்பூரில் இறங்கியதும் ஃபோன் தானாக இரண்டரை மணி நேரம் முன்னே போகும், கேமரா இந்திய நேரத்திலேயே நிற்கும். இரண்டின் படங்களையும் கலந்தால் வரிசை குலையும். கேமரா படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தேதி-நேரம் திருத்தும் கருவியில் 2:30 கூட்டினால் சரியாகிவிடும்.

டேக் போட ஆரம்பிக்கும் முன் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியைப் பாருங்கள். டேக், நட்சத்திரம், கேப்ஷனைப் படத்துக்குள் எழுதும் கட்டங்களில் டிக் இல்லாவிட்டால், எல்லாம் டிஜிகேமின் டேட்டாபேஸோடு நின்றுவிடும். வேறு மென்பொருளில் திறந்தால் வெறும் படம்தான். ரா ஃபைலுக்குள் (கேமராவின் பதப்படுத்தாத மூலப் படம்) எழுத விடாதீர்கள், பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற தனித் தகவல் ஃபைலாக எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு பொடி விஷயம் கழுத்தை அறுக்கும்: டிஜிகேம் படத்தின் முழுப் பெயர், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றுக்கும் பின்னால் எக்ஸ்எம்பி என்று ஒட்டும், அடோபியின் லைட்ரூம் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுக்கும். இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் செட்டிங்ஸின் சைட்கார் பகுதியில் (இப்படிப் பக்கத்தில் எழுதும் ஃபைலுக்கு அதுதான் பெயர்) வணிக மென்பொருள்களுக்கு ஏற்ற பெயர் வைக்கும் வசதியை ஆன் செய்ய வேண்டும்.

தமிழில் டேக் தாராளமாகப் போடலாம், எக்ஸ்எம்பியில் சிக்கல் இல்லை. ஐபிடிசி என்ற பழைய மெட்டாடேட்டா முறையின் விதியில்தான் ஒரு கீவேர்டுக்கு, அதாவது டேக்குக்கு, 64 பைட் வரம்பு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் கணக்கு. "திருவண்ணாமலை" 36 பைட்டில் அடங்கும். "மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்" 83 ஆகிவிடும். ஐபிடிசியை மட்டும் படிக்கும் மென்பொருளுக்குப் படங்கள் போகும் என்றால் டேக்கைச் சுருக்கமாக வையுங்கள்.

டேட்டாபேஸுக்குத் தனி சர்வர் தேவைப்படாத எஸ்கியூலைட் வகையே போதும், ஆனால் அந்த ஃபைலை நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள், கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். படங்கள் நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருந்தாலும் டேட்டாபேஸ் உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். படங்களை பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் ஃபைலையும் சேர்த்து எடுங்கள். டேக் படத்துக்குள் போய்விட்டாலும், சேமித்த தேடல்கள் அதில் மட்டும்தான் இருக்கும்.